சிறை வாசலில் ஒரு வழிகாட்டி

வேனை நோக்கி நடந்துகொண்டிருந்தோம். வெள்ளவத்தையிலிருந்து போன அரைநாள் சுற்றுலாவில் தண்ணீர்ப் போத்தல் சுமப்பது என் வேலை. நீர்கொழும்பின் பழைய ஒல்லாந்தர் கோட்டை இப்போது சிறைச்சாலை. வாசலில் கைதிகளுக்குச் சோற்றுப் பார்சலோடு பெண்கள் வரிசையாக நின்றார்கள். படம் எடுக்கலாமா என்று ஒரு பயணி கேட்டபோது தலையாட்டியவன் நான்தான். ஒருத்தி பார்சலைத் தூக்கி முகத்தை மறைத்தாள்.

வழிகாட்டி மெலிந்த மனிதர். அந்த வரிசையைக் கடக்கும்போது, போகையிலும் வருகையிலும், ஓலைத் தொப்பியைக் கழற்றினார். படத்தை அழிக்கவைத்து, அவளிடம் சிங்களத்தில் மன்னிப்புக் கேட்டுவிட்டு என் பக்கம் வந்தார்.

"உம்மட அம்மா அதில நிண்டா விட்டிருப்பீரோ?"

"இல்லை ஐயா."

"சரி, நாளைக்கும் வாரும்."

திட்டியிருந்தால் அவரிடமே திரும்பிப் போயிருப்பேன்; திட்டாமல் கூப்பிட்டவரின் முகத்தில் விழிக்க முடியவில்லை. மறுநாள் காலை கொட்டாஞ்சேனையில் ஓர் இரும்புக்கடையில் கம்பி இறக்கச் சேர்ந்தேன்.