வாளியில் போட்ட பன்றி வெடி

என் வேலையைப் பற்றிப் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். வேற்று நாட்டு ராணுவம் ஒன்று பாலைவனத்தில் குண்டுகளை அடுக்கி வைத்திருக்கிறது. நான் பெட்டியைத் திறப்பேன். துரு பிடித்திருக்கிறதா, மூடி தளர்ந்திருக்கிறதா, எண் சரியா என்று பார்ப்பேன். நல்லதற்கு ஒரு நிற அட்டை, கெட்டதற்கு இன்னொரு நிறம். கட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுவேன். நம் ராணுவத்தில் பதினேழு வருஷம் இதையேதான் செய்தேன். பென்ஷனோடு வீட்டில் கிடந்திருக்கலாம். ஆசை விடவில்லை, வந்துவிட்டேன்.

ஊர் சித்தூர் ஜில்லாவில் விஜயபுரத்துக்குப் பக்கம்; வீட்டில் தமிழ், ஆபீசில் தெலுங்கு. லீவில் போனால் டீக்கடையில் என்னைச் சும்மா விடமாட்டார்கள். போன தடவை ஒருத்தர், "ஏம்பா மிலிட்டரி, பன்னி வெடி கையில கெடச்சா இன்னா பண்றது?" என்று கேட்டார். வேர்க்கடலைக் காட்டில் காட்டுப்பன்றி இறங்குகிறது என்று எங்கள் பக்கம் சிலர் வெடியை உருண்டையாகக் கட்டி, மேலே கொழுப்பைப் பூசி வரப்பில் போட்டுவிடுவார்கள். பன்றி கடித்தால் அதன் வாய் போகும். மாடு கடித்தாலும் அதே கதிதான். எனக்கு டீ ஆறிக்கொண்டிருந்தது. "தண்ணியில போட்டா செத்துப்பூடும், போ" என்றேன். பேச்சை முடிக்கத்தான் சொன்னேன். பக்கத்தில் என் தம்பி உட்கார்ந்திருந்தான். எனக்கும் அவனுக்கும் ஒரே வீடு.

நான்கு மாதம் கழித்து ஒரு நாள். கிடங்குக்குள் போன் கொண்டுபோக முடியாது, வாசலில் பூட்டிவிட்டுப் போக வேண்டும். மதிய இடைவேளையில் எடுத்துப் பார்த்தால் என் மனைவி பதினொரு தடவை கூப்பிட்டிருக்கிறாள்.

"உன் தம்பி காட்லருந்து பன்னி வெடி எடுத்தாந்துட்ச்சி. நேத்து ராத்திரியே வாளித் தண்ணியில போட்டு வெச்சிக்கீது. யார்கிட்டயும் சொல்லல. இப்பதான் நான் பாத்தேன். கேட்டா, 'அண்ணனே சொல்லிச்சி, நீ சும்மா இரு அண்ணி'ன்னுது."

போனை அவனிடம் கொடுக்கச் சொன்னேன்.

"ண்ணா, ஊறிக்கினு கீது. வெச்சவன் எவன்னு எனக்குத் தெரியும். நாளைக்கு அறுத்துப் பாத்துட்டு, அவன் மூஞ்சி மேலயே வீசறேன். நம்ம நெலத்துல வெக்கறான்னா எவ்ளோ திமிரு அவனுக்கு!"

"டேய், அதத் தொடாத. கொழுப்பு பூசிக்கீதுடா, தண்ணி உள்ள போவாது."

"நீதானே சொன்னே?"

"தப்பா சொன்னேன்."

"மிலிட்டரியே தப்பா சொல்லுமா?" என்று சிரித்தான்.

அப்போது ஊரில் மணி இரண்டரை. நான்கு மணிக்கு அவனுடைய பிள்ளைகள் இரண்டும் ஸ்கூல் வேனில் வந்து இறங்கும். இறங்கியதும் கண்ணில் படுகிற வாளிக்குள் சொம்பை விட்டுத்தான் கைகால் கழுவும்.

"போலீசுக்குப் போன் பண்ணுடா."

"வேணாம்ணா. நம்ம நெலம். பன்னியக் கொல்ல நாமளே வெச்சோம்னு பாரஸ்ட்காரன் கேஸ் போடுவான். உள்ள தள்ளிடுவான்."

"கேஸ நான் பாத்துக்கறேன்."

"அங்க இருந்துக்கினு நீ இன்னா பாப்பே?"

அவன் போனை வைத்துவிட்டான்.

என் மேலதிகாரி அந்த நாட்டு சார்ஜென்ட், சின்ன வயசுக்காரன். இடைவேளை முடிந்தது என்று கத்திக்கொண்டு வந்தான். விஷயத்தைச் சொன்னேன். "வாளியிலா?" என்று சிரித்தான். வீடு எத்தனை மீட்டர் தள்ளி என்று கேட்டான். வீட்டில்தான், அடுப்பிலிருந்து நாலு எட்டு என்றேன். சிரிப்பு நின்றது. எங்கள் கிடங்கில் அப்படி ஒரு சாமான் கிடந்தால் சைரன் ஊதி எல்லாரையும் வெளியே துரத்துவார்கள். மனசு சரியில்லாதவன் உள்ளே வரக்கூடாது என்பது அங்கே விதி. வாசலிலேயே எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டுப் போனான். இரக்கம் இல்லை, விதி. எதுவாக இருந்தால் என்ன, போன் என் கையில் இருந்தது.

எங்கள் ஊர்ப் பக்கத்து போலீஸ் ஸ்டேஷனுக்கு அடித்தேன். எடுத்தவர் தெலுங்கில், குடித்திருக்கிறாயா என்று இரண்டு தடவை கேட்டார். வெளிநாட்டிலிருந்து ஒருத்தன் கூப்பிட்டு என் வீட்டு வாளியில் வெடி இருக்கிறது என்றால் யார் நம்புவார்கள்? பிறகு, "இண்ட்டிகி எவரு தெச்சாரு?" என்றார். வீட்டுக்கு யார் கொண்டுவந்தது. தெரியாது என்றால் போனை வைத்துவிடுவார். என் தம்பி என்றேன். அவன் பேர், அப்பா பேர், நிலத்தின் சர்வே நம்பர் எல்லாம் கேட்டார். ஒவ்வொன்றாகச் சொன்னேன். பேனா காகிதத்தில் ஓடுவது எனக்குக் கேட்டது.

திரும்ப வீட்டுக்கு அடித்தேன். வேனை ரோட்டிலேயே நிறுத்திப் பிள்ளைகளை அங்கேயே வைத்துக்கொள்ளும்படி மனைவியிடம் சொன்னேன். அவள் போனைத் தம்பி கையில் திணித்துவிட்டு ஓடிவிட்டாள். அவன் நகரவில்லை. வீட்டு வாசலில் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, எவன் வந்தாலும் பேசிக்கொள்கிறேன் என்றான். கெஞ்சினேன். கெட்ட வார்த்தையில் திட்டினேன். கடைசியில், "உன் கால்ல விழறேன்டா, வெளிய வாடா" என்று அழுதேன். அண்ணன் தம்பியிடம் சொல்லக்கூடாத சொல் அது. கட்டில் கிரீச்சிட்டது. பிறகு ரோட்டுப் பக்கம் போகும் செருப்புச் சத்தம். நான்கு ஆக இன்னும் பத்து நிமிஷம் இருந்தது.

திருப்பதியிலிருந்து வெடிகுண்டை அகற்றும் போலீஸ் ஆட்கள் பொழுது சாயும்போது வந்தார்கள். வெடியை எடுத்துப் போய்ப் பின்னால் தரிசில் வைத்து வெடித்தார்கள். சத்தத்தில் வீட்டு ஜன்னல் கண்ணாடி கொட்டிவிட்டதாம். மனைவி சொன்னாள். நாள் முழுக்க ஊறியும் அது சாகவில்லை.

அன்றைக்கே ஸ்டேஷன் போலீஸ்காரர்கள் தம்பியை ஜீப்பில் ஏற்றினார்கள். வெடியை வீட்டில் வைத்திருந்த குற்றம். யாரும் துப்புத் துலக்க வேண்டிய வேலையே இல்லை, நானே எழுதிக் கொடுத்த மாதிரி எல்லாம் அவர்களிடம் இருந்தது. பிள்ளைகள் ரோட்டில் நின்று பார்த்தன. பத்தொன்பது நாள் கழித்து ஜாமீனில் வந்தான். கேஸ் சித்தூர் கோர்ட்டில் நடக்கிறது. வாய்தாவுக்கு வாய்தா பஸ்ஸில் போய் நிற்கிறான். வரப்பில் வெடி வைத்தவன் டீக்கடையில் உட்கார்ந்து டீ குடிக்கிறான்.

"அண்ணனாண்ட சொல்லு, அது தப்பா சொன்னதும் என் தலையில, நெஜத்த சொன்னதும் என் தலையில" என்று என் மனைவியிடம் சொல்லியிருக்கிறான்.

சரிதான். ஆனால் திரும்ப அப்படி ஒரு நாள் வந்தால் அதே ஸ்டேஷனுக்கு அடித்து அதே பேரைத்தான் சொல்வேன். இதை அவனிடம் சொல்ல வேண்டும். தினமும் மதியம் கூப்பிடுகிறேன். மூன்றாவது ரிங்கில் கட் செய்கிறான். கட் செய்ய ஆள் இருக்கிறானே, அது போதும் என்று மனைவி சொல்கிறாள். எனக்குப் போதவில்லை.