அவளைச் சிரிக்க வைத்தவன்

மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே தனியாக மாட்டிக்கொண்டவள் அந்தக் கட்டடத்து மூக்குக்கண்ணாடிக் கடையின் விற்பனைப் பெண். பயத்தில் கதவைக் குத்தினாள்.

"குத்தாதீங்கம்மா, அதுக்கு ஏற்கெனவே என்மேல கோபம்" என்றது வெளியே ஒரு குரல்.

கதவைச் சரிசெய்தபடியே மெக்கானிக் நாற்பது நிமிடம் வாய் ஓயாமல் பேசினான். கதவு திறந்தபோது அவள் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். எதிரே நின்றவன் அவள் தோளுயரம்தான். முன்தலையில் பாதி வழுக்கை. அதெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை. அவளைப் பார்த்ததும் அவனுக்குத்தான் பேச்சு நின்றது. தெருவே திரும்பிப் பார்க்கும் முகம் அவளுக்கு.

"இவன்கிட்ட அப்படி என்னத்தடி கண்ட?" என்று அக்கா கேட்டாள்.

"கண்டது ஒண்ணுமில்லக்கா. கேட்டேன்."

கல்யாணமாகி எட்டு வருடம் அவளை எல்லோரிடமும் காட்டிக் காட்டிப் பூரித்தான். ஒரு நாள் காலை அவள் வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் ஓரத்தில் ஒழுகியது. இடது பக்க முகம் தொங்கிப் போயிருந்தது.

"நரம்பு வீக்கம். சரியாயிடும், நாளாகும்" என்றார் டாக்டர்.

கடை முதலாளி அவளைப் பின்னறைக்கு மாற்றினார். வீட்டில் கணவன் செய்தித்தாளைப் பார்த்தபடியே அவளிடம் பேசப் பழகினான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் வந்திருந்தார்கள். சமையலறையில் நின்ற அவள் காதில் அவன் குரல் தெளிவாக விழுந்தது.

"எனக்கு இப்போ ரெண்டு பெண்டாட்டிடா. வலப்பக்கம் உக்காந்தா பழையவ. இடப்பக்கம் உக்காந்தா என் மாமியார்!"

கூடமே அதிர்ந்தது. அவளுக்கும் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்குவதற்குள் வலப்பக்க உதடு விரிந்தும்விட்டது. அவன் சொன்னதைக்கூட மன்னித்திருப்பாள், தன் உதடு விரிந்ததை மன்னிக்க முடியவில்லை.

நான்கு மாதத்தில் முகம் நேரானது. அவன் செய்தித்தாளை மடித்துவைத்துவிட்டு அருகில் வந்து உட்கார்ந்தான். பழையபடி கதை சொன்னான், கதையில் வருகிற ஒவ்வொருவரையும் போல நடித்துக் காட்டினான். அவள் கடைசிவரை கேட்டுவிட்டு, "சாப்பிட வாங்க" என்பாள். ஒரு மாதம் பார்த்துவிட்டு அவளை டாக்டரிடம் கூட்டிப்போனான்.

"சிரிக்கிற நரம்பு மட்டும் இன்னும் வேலை செய்யல டாக்டர்."

"எங்க, கொஞ்சம் சிரிங்கம்மா பாப்போம்."

அவள் டாக்டரைப் பார்த்துச் சிரித்தாள். இரண்டு பக்கமும் ஒன்றுபோல விரிந்த, பல் தெரியும் சிரிப்பு. டாக்டரும் பதிலுக்குச் சிரித்துவிட்டார்.

"நல்லாத்தானே இருக்கு?"

"அதைத்தான் இவர்கிட்ட சொல்லுங்க டாக்டர்" என்று சொல்லிக் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

இன்றும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். சாப்பிடும்போது அவன் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். அழகாகத்தான் இருக்கிறது.