மழையில் அண்ணா வந்த கிறிஸ்துமஸ்

எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் நடத்துவது என்று நானும் என் கணவரும் முடிவு செய்யவில்லை. வருஷா வருஷம் அது நடக்கும் அவருடைய அண்ணன் வீட்டு ஓட்டைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். கார்த்திகைக்குள் கான்கிரீட் போட்டுவிடலாம் என்று கொத்தனார் சொன்ன வாக்கை மழை நம்பவில்லை. கூரை இல்லாத வீட்டில் பண்டிகை வைப்பது எப்படி? மணப்பாட்டிலிருந்து என் கணவரின் அக்கா ஒரு கார்டு போட்டார். "இந்த வருஷம் சின்னவன் வீட்டில். எல்லாரும் இருபத்துமூணாம் தேதியே வந்துவிடுவோம்." அவ்வளவுதான் கடிதம்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. தூத்துக்குடித் துறைமுக அலுவலகத்தில் நான் டைப்பிஸ்ட், அவர் கிளார்க். ஓடைக்குப் பக்கத்தில் வாடகை வீடு. இரண்டு அறை, அடுப்படி, முன்னால் கம்பி போட்ட வராந்தா. அதில் பதினாறு பேர் வந்து இறங்கினார்கள். பெட்டி, பாய், முறுக்கு டின், கால் கட்டிய இரண்டு கோழி. வழக்கமாக எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீருக்குத்தான் சண்டை நடக்கும். அந்த வாரம் பெய்த மழையில் டிரம், வாளி, அண்டா எல்லாம் நிரம்பி வழிந்தன. பதினாறு பேர் குளிப்பதற்கு என்ன செய்வேன் என்று ஒரு மாதமாக நான் பட்ட கவலையை மழை ஒரே நாளில் தீர்த்துவைத்தது. வேறு கவலைகளை அது கொண்டுவரப் போவது எனக்கு அப்போது தெரியாது.

என் கணவரின் அக்காவை நான் மைனி என்று கூப்பிடுவேன். தாயில்லாத தம்பிகள் இருவரையும் வளர்த்தவர். கடற்கரையில் நின்று பேசியே பழகிய குரல். ரகசியம் சொன்னாலும் மூன்றாவது வீட்டுக்குக் கேட்கும். நான் தாமிரபரணிக் கரையில் ஒரு பெருமாள் கோவில் ஊரில், வெங்காயம்கூட உள்ளே வராத வீட்டில் பிறந்தவள். ரிஜிஸ்தர் ஆபீஸில் கல்யாணம் செய்துகொண்டு வந்த முதல் மாதம், மைனி என்னை அடுப்படியில் நிறுத்தி, "ஏளா, நீ மீன் திங்க வேண்டாம். எங்க வேதத்துல சேரவும் வேண்டாம். ஆனா நாறுதுன்னு மூக்கப் பொத்தாத. அது மட்டும் எனக்குப் போதும்" என்றார். நான் பொத்தவில்லை. ஒரு வருஷத்தில் மீன் ஆயவும் கறி வைக்கவும் கற்றுக்கொண்டேன். ருசி பார்ப்பது மட்டும் இல்லை. நான் வைத்த குழம்புக்கு உப்புப் பார்க்க எப்போதும் வேறொருவர் வர வேண்டும்.

என் பிறந்த வீட்டில் ஆறு வருஷமாக யாரும் என் பெயரைச் சொல்லவில்லை. அப்பா அப்படி உத்தரவு போட்டிருந்தார். ஆனால் நான் மாதம் ஒரு கடிதம் எழுதினேன். அம்மாவிடமிருந்து பதில் கார்டு வரும். அம்மாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். அதனால் கார்டு முழுவதும் அண்ணா எழுத்தாக இருக்கும். அண்ணா பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், என்னைவிட எட்டு வயது பெரியவர். அம்மா சொல்வதை ஒரு எழுத்துக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுவார். தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்ததில்லை.

அந்த அண்ணா இருபத்துநாலாம் தேதி மத்தியானம் எங்கள் கேட்டுக்கு முன்னால் நின்றார். வேட்டி முழங்கால் வரைக்கும் சேறு. குடைக்கம்பி இரண்டு முறிந்து தொங்கியது. நான் கையில் மாவோடு வராந்தாவுக்கு ஓடினேன்.

"வாத்தியார் சங்கக் கூட்டம்னு கார்த்தால வந்தேன்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். "பாலத்து மேல ஜலம் போறதாம். பஸ் இல்ல. ரயிலும் இல்லங்கறான். லாட்ஜெல்லாம் ரொம்பிடுத்து." முறிந்த குடையை மடக்கிக்கொண்டே, "இந்த ஊர்ல எனக்கு வேற யாரையும் தெரியாது" என்றார்.

உள்ளே வா என்று சொன்னால் வருவாரா? வந்தாலும் எங்கே உட்காருவார்? உள்ளே ஒருவர் இறால் உரித்துக்கொண்டிருந்தார். அதற்குள் மைனி என்னைத் தாண்டி வந்துவிட்டார்.

"யாருளா? ஒங்க அண்ணாச்சியா? கார்டு எழுதுத சாரா? என்ன சார் நனைஞ்சுக்கிட்டு நிக்கீய, உள்ள வாங்க. ஏலே, எல்லாரும் அந்தக் கட்டில விட்டு எந்திரிங்கலே!"

கட்டிலில் இருந்த ஐந்து பேரும் எழுந்தார்கள். அண்ணா அதன் ஓரத்தில், பஸ்ஸில் மூன்றாவது ஆளாக உட்காருகிறவரைப் போல உட்கார்ந்தார். என் கணவர் துண்டு கொடுத்தார். இருவரும் அதற்குமுன் ஒரே ஒரு முறைதான் பார்த்திருந்தார்கள், அதுவும் சண்டையில். இப்போது மழையைப் பற்றிப் பேசினார்கள். நல்லவேளையாகப் பேச நிறைய மழை இருந்தது.

சாப்பாட்டுக்குத்தான் நான் பயந்தேன். காப்பி வேண்டாம் என்றுவிட்டார். ராத்திரி என்ன செய்வது? மைனி தன் பெட்டியைத் திறந்து, எனக்குக் கிறிஸ்துமஸ் பரிசாக வாங்கி வந்திருந்த எவர்சில்வர் குண்டானை எடுத்தார். கடைத்தாள்கூடக் கிழிக்காதது. மண்ணெண்ணெய் ஸ்டவ்வைத் தேய்த்துக் கழுவி வராந்தாவின் மறுகோடியில் வைத்தார்.

"இது புதுசு. இதுல எதுவும் பட்டதில்ல. நீயே குளிச்சிட்டு ஒங்க வீட்டு மொறைக்குப் பொங்கிப் போடு. எங்க ஆளு ஒருத்தரும் அந்தப் பக்கம் வர மாட்டாக" என்றார்.

சாதமும் சாத்தமுதும் வைத்தேன். ரசம் என்று சொல்லிச் சொல்லிப் பழகிப்போன வாய்க்கு அந்தப் பழைய சொல் தானாகத் திரும்பி வந்தது. அண்ணா வாழையிலையில் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். எழுந்து கை கழுவும்போது, "புளி கொஞ்சம் ஜாஸ்தி" என்றார். ஆறு வருஷத்தில் அண்ணா எனக்கென்று சொன்ன முதல் சொந்த வாக்கியம் அது.

ஊரில் கரண்டு இல்லாததால் நடுராத்திரிப் பூசை கிடையாது, காலை ஏழு மணிக்குத்தான் என்று மாதா கோவிலிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார். விடிந்ததும் எல்லாரும் புதுத்துணி உடுத்திக் கிளம்பினார்கள். நான் கிளம்பவில்லை. என் நான்கு வயது மகளுக்கு முந்தின நாளிலிருந்து காய்ச்சல்.

மைனிக்கு அது பொறுக்கவில்லை. "நீ வராம எப்படிளா? ரெண்டாம் பாட்டு நீதான பாடணும்? இவ பாடலன்னா பாட்டுக்காரப் பிள்ளையெல்லாம் ஊமையாட்டம் நிக்கும் சார்" என்று அண்ணாவிடமே முறையிட்டார்.

கோவில் பாட்டுக்குழுவில் பாடுவதை நான் ஒரு கடிதத்திலும் எழுதியதில்லை. மார்கழி விடியற்காலையில் எங்கள் ஊர்ச் சன்னிதியில் நானும் அண்ணாவும் சேர்ந்து பாசுரம் சொல்லி வளர்ந்தவர்கள். என் குரலில் அவருக்கு ஒரு பெருமை உண்டு.

"பாடறியா?" என்றார் அண்ணா.

"ம்."

"நிறுத்திட்டியோன்னு நெனச்சேன்." என் மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "நீ போயிட்டு வா. கொழந்தைய நான் பாத்துக்கறேன்" என்றார்.

நான் போனேன். பாடினேன். எப்படிப் பாடினேன் என்று நினைவில்லை.

பூசை முடிந்து வெளியே வந்தபோது தெருவில் கணுக்காலுக்குமேல் தண்ணீர் நின்றது. கடல் ஏற்றத்தில் இருந்தது. ஓடைத் தண்ணீர் கடலுக்குள் போக வழியில்லாமல் திரும்பி, சாக்கடை வழியாக வீடுகளுக்குள் ஏறிக்கொண்டிருந்தது. எனக்குச் சட்டென்று அடுப்படி நினைவு வந்தது. விடியற்காலையில் என் கணவரின் அண்ணன், நான் அத்தான் என்று கூப்பிடுபவர், எட்டு கிலோ ஆட்டுக்கறி வாங்கி வந்திருந்தார். மஞ்சள் தடவிப் பெரிய சட்டியில் போட்டு அடுப்படித் தரையில் வைத்திருந்தோம். அதைவிட, மகள். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் ஓடினேன்.

வராந்தாவில் யாரும் இல்லை. வீட்டுக்குள் இரண்டு விரற்கடைத் தண்ணீர். பள்ளமான அடுப்படியில் முழங்காலுக்குக் கீழே வரைக்கும். ஆனால் தரையில் ஒரு சாமான் இல்லை. அரிசி மூட்டை மேசைமேல். முறுக்கு டின்கள் அலமாரிக்கு மேல். கோழிகள் ஜன்னல் கம்பியில். கட்டிலில் என் மகள் போர்வையோடு உட்கார்ந்திருந்தாள். அவளைச் சுற்றி, நாங்கள் மூலையில் வைக்கோல் போட்டுக் கட்டியிருந்த குடிலின் சொரூபங்கள் எல்லாம் வரிசையாகப் படுத்திருந்தன. மாதா, சூசையப்பர், மூன்று ராசாக்கள், ஆடுமாடுகள். பாலன் மட்டும் அவள் மடியில்.

கறிச்சட்டி தையல் மெஷின்மேல் பத்திரமாக இருந்தது.

"மாமா எங்க?" என்று கேட்டேன்.

"குளிக்காக" என்றாள். "மாமா கறிச்சட்டியத் தூக்கிட்டு கண்ண மூடிக்கிட்டே நடந்தாக. நாந்தான் வழி சொன்னேன்."

கொல்லைப்புறத்தில் மாடியிலிருந்து விழும் மழைத் தண்ணீருக்குக் கீழே அண்ணா நின்றுகொண்டிருந்தார். நனைந்த பூணூல் முதுகில் ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும், குற்றம் செய்துவிட்டு வகுப்பில் நிற்கிற பையனைப் போல, "அந்தச் சட்டி மட்டும் அது பாட்டுக்குப் போகட்டும்னு முதல்ல விட்டுட்டேன். அப்புறம் அந்தம்மா நேத்து எனக்குப் புதுப் பாத்திரம் எடுத்துக் குடுத்தது ஞாபகம் வந்தது. நாராயணான்னு சொல்லிண்டே தூக்கிட்டேன்" என்றார்.

நான் சிரிக்க ஆரம்பித்து அழுகையில் போய் முடித்தேன். அண்ணா மழைக்குள்ளிருந்தே, "போ, போய்க் கொழந்தைக்குக் கஞ்சி குடு" என்று விரட்டினார்.

மற்றவர்கள் வந்து சேர்ந்தார்கள். சங்கதி தெரிந்ததும் வீடு ஒரு நிமிஷம் அமைதியானது. இருபது பேர் இருக்கும் வீட்டில் அது பெரிய விஷயம். மைனி நேராகக் கொல்லைக்குப் போய்த் துண்டை நீட்டினார். "தம்பி" என்றார். சார் போய்த் தம்பி வந்திருந்தது. "நீங்க மட்டும் இல்லன்னா இன்னைக்கு எங்க எல்லாருக்கும் ரசஞ்சோறுதான்."

"நான் அதத்தான் சாப்பிடப் போறேன்" என்றார் அண்ணா.

முதலில் சிரித்தது என் கணவர்தான்.

அன்று சமையல் வராந்தாவில் நடந்தது. ஒரு கோடியில் பிரியாணி, மறுகோடியில் என் குண்டான். இரண்டுக்கும் நடுவே நான் குளித்துக் குளித்தே களைத்துப்போனேன். பிள்ளைகள் அண்ணாவைக் கட்டிலில் உட்காரவைத்து, சொரூபங்களில் யார் யார் என்று சொல்லிக்கொடுத்தார்கள். அவர் ஒரு ராசாவைச் சூசையப்பர் என்று நினைத்து மாதாவுக்குப் பக்கத்தில் படுக்க வைத்திருந்தார். அதைப் பெரிய தப்பு என்று சொல்லிப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

சாயங்காலம் தண்ணீர் வடிந்ததும் நானும் அண்ணாவும் அடுப்படிச் சேற்றைத் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருந்தோம். வேறு யாரும் பக்கத்தில் இல்லை.

"அப்பா எப்படி இருக்கார்?" என்று கேட்டேன்.

"இருக்கார்." இரண்டு தள்ளுத் தள்ளினார். "உன் கடுதாசிய அம்மாவுக்கு நான்தான் படிச்சுச் சொல்றேன். அடுத்த ரூம்ல அவர் படுத்துண்டிருப்பார். நான் படிக்க ஆரமிச்சதும் ஃபேன நிறுத்திடுவார்."

எனக்கு விளங்கவில்லை. "ஏன்?"

"அந்த ஃபேன் கடகடன்னு சத்தம் போடும். காதுல விழாதே."

நான் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வெளியே வந்து நின்றேன். மழை விட்டிருந்தது. ஓடையிலிருந்து தவளைகள் கத்திக்கொண்டிருந்தன.

பாலம் திறக்க மேலும் இரண்டு நாள் ஆனது. கிளம்பும் நாளில் மைனி ஒரு டின் நிறைய அச்சு முறுக்கு எடுத்து வந்தார். பாதி வழியில் நின்று, "அய்யோ, இதுல முட்டை இருக்கு" என்று திரும்பிப் போய் முந்திரிக்கொத்து கட்டிக்கொண்டு வந்தார். அண்ணா வாங்கிக்கொண்டார். என் கணவர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடப் போனார். திரும்பி வந்தபோது, என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். "உங்க அண்ணன் சீட்டுல துண்டு போடத் தெரியாத ஆளு. நான் ஜன்னல் வழியா ஏறிப் போட்டேன்" என்றார்.

அடுத்த கோடை விடுமுறையில், அம்மா உன்னையும் குழந்தையையும் பார்க்க வேண்டும் என்கிறாள் என்று அண்ணாவிடமிருந்து கடிதம் வந்தது. போனோம். அப்பா என்னிடம் "வா" என்றார். என் மகளிடம், வாய்ப்பாடு எதுவரைக்கும் தெரியும் என்று கேட்டார். அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. அதுவே எனக்கு நிறைய.

அந்த வருஷக் கடைசியில் அத்தான் வீட்டுக் கான்கிரீட் காய்ந்து, கிறிஸ்துமஸ் மறுபடி அங்கே போய்விட்டது. மழை பெய்யாத மார்கழி. இருபத்தாறாம் தேதி காலை நாங்கள் எல்லாரும் அங்கே இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அண்ணா ஒரு வாழைத்தாரைத் தோளில் வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். வேட்டி மடிப்புக் கலையவில்லை.

மைனி கையைக் கழுவாமலே எழுந்து ஓடினார். "என்ன தம்பி, இந்த வருஷம் மழையே இல்லையே! எப்படி வந்தீய?"

"பஸ்ஸுல" என்றார் அண்ணா.