சுவரில் நடந்த விரல்கள்

என் வலது தோள் மூட்டு இறுகிப்போனது சென்ற ஆண்டு மழைக்காலத்தில். நீரிழிவு என்கிற சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு இப்படி வருவதுண்டு என்று டாக்டர் சொன்னார். கை காதுக்கு மேலே போகாது. குறுக்காக நீட்டினால் இடது தோளையும் எட்டாது. நான் ஆசிரியை. சாரி கட்டாமல் பள்ளிக்கூடம் போக முடியாது. கணவர் பல்லேகலயில் ஒரு தொழிற்சாலை வேலைக்கு விடியுமுன்னே கிளம்பிவிடுவார். ஆகவே முந்தானையை மடித்துத் தோளில் பின் குத்துவதும் கொண்டை போடுவதும் மகளின் வேலையாயின. அவளுக்கோ மட்டக்களப்பில் பல்கலைக்கழக இடம் கிடைத்திருந்தது. அவள் போவதற்குள் கை சரியாக வேண்டும்.

பயிற்சி எளிதுதான். சுவரைப் பார்த்து நின்று, விரல்களை நண்டு போல மெல்ல மேலே நடக்கவிட வேண்டும். வலிக்கிற இடத்தில் நின்று, மூச்சு விட்டு, இன்னும் கொஞ்சம். காலையும் மாலையும். ஆஸ்பத்திரியில் இதைக் காட்டித் தந்த பெண், சில பேருக்கு ஒரு வருடம்கூட ஆகும், விட்டுவிட மட்டும் வேண்டாம் என்றார். அந்தக் கடைசி வார்த்தை எனக்கு வேடிக்கையாக இருந்தது. எதையும் பாதியில் விடுகிற பழக்கம் எனக்கில்லை. நான் டயறி எழுதாத நாள் கிடையாது. என் சாரிகள் அலுமாரியில் நிற வரிசையில் இருக்கும்.

அலுமாரிக்குப் பக்கத்துச் சுவரில், ஒவ்வொரு மாலையும் விரல் எட்டிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். முதலில் கோடுகள் ஏறின. அப்புறம் ஒன்றின் மேல் ஒன்றாக ஒரே இடத்தில் கிடந்தன. ஒரு நாள் விரல் பழைய கோட்டுக்குக் கீழேயே நின்றுவிட்டது. அதைக் குறிக்க மனம் வரவில்லை. மறுநாள் தலைவலி என்று சொல்லிக்கொண்டேன். அடுத்த நாள் திருத்த வேண்டிய விடைத்தாள்கள் இருந்தன. பிறகு காரணமே தேவைப்படவில்லை.

வகுப்பில் கரும்பலகையின் கீழ்ப்பாதியில் மட்டும் எழுதினேன்.

“டீச்சர், பின்னால வாங்குல இருக்கிற எங்களுக்கு ஒண்ணும் தெரியல” என்றாள் ஒரு பிள்ளை.

“அப்ப எந்திரிச்சு நின்னு பாரு.”

“எந்திரிச்சா நீங்கதானே டீச்சர் உட்காரச் சொல்லுவீங்க.”

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். அன்று மாலையும் சுவர்ப் பக்கம் போகவில்லை.

மகள் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டாள். ஒரு காலை, பின் குத்துவதற்கு முன் என் கையைப் பிடித்து மெதுவாக உயர்த்திப் பார்த்தாள்.

“செவத்துக்கிட்ட போறதே இல்ல, என்னாம்மா?”

“வலிக்குதுடி. செஞ்சும் ஒண்ணும் ஆகல.”

“நான் போனா யாரு பின் குத்துறது? அப்பாவா? அப்பா குத்தினா சாரியோட உங்க தோலையும் சேர்த்துக் குத்திருவாரு.”

இருவரும் சிரித்தோம். கொண்டையில் கடைசி ஊசியைச் செருகிவிட்டு, சிரிப்பு அடங்கிய குரலில் சொன்னாள்: “இல்லாட்டி நான் போகல. இங்கேயே டவுன்ல ஏதாச்சும் கோர்ஸ் செய்றேன்.”

“பைத்தியமா உனக்கு” என்று அதட்டினேன். ஆனால் அதட்டுவதற்கு முன் ஒரு கணம், நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. போகாமல் இருந்தால் நல்லதுதானே என்று நினைத்தேன். ஹந்தானை வீதியில் பஸ்ஸுக்கு நின்றபோது அந்த நினைப்பே திரும்பத் திரும்ப வந்தது. வலியும் சலிப்பும் மட்டும்தானா என்னைச் சுவரிலிருந்து விலக்கின? கை இப்படியே கிடந்தால் மகள் பக்கத்தில் இருப்பாள் என்று எனக்கே தெரியாமல் நான் எண்ணியிருந்தால்? இன்றுவரை எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. அன்றைய டயறியில் மழை என்று மட்டும் எழுதினேன்.

மாலையில் கோடுகளை ஈரத்துணியால் துடைத்தேன். முழுதாகப் போகவில்லை, சாம்பல் நிறத் திட்டாக நின்றது. அதன் மேலேயே விரல்களை வைத்து நடக்கவிட்டேன். உற்சாகம் வந்தால் செய்யலாம் என்று இனிக் காத்திருக்க முடியாது. அது வரவும் இல்லை. காலையில் கேத்தலில் தண்ணீர் கொதிக்கும் வரை செய்தேன். மாலையில் சாரியை அவிழ்த்து மடித்த கையோடு செய்தேன். எவ்வளவு உயரம் என்று பார்ப்பதை விட்டேன். சில நாட்கள் வலியில் கண்ணீர் வந்தது. மகளை நானே வாசலுக்கு வெளியே தள்ளுகிறேன் என்று தோன்றிய நாட்களும் உண்டு. தோன்றட்டும் என்று அடுத்த விரலை எடுத்து வைத்தேன்.

அவள் கிளம்புவதற்கு முந்திய வாரம், “இன்னைக்கு நானே கட்டுறேன், நீ சும்மா இரு” என்றேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். என் கை இடது தோளை எட்டியது. விரலிடுக்கிலிருந்த பின் நழுவிக் கீழே விழுந்தது. குனிந்து எடுத்தேன். மறுபடியும் விழுந்தது. அவள் எழவில்லை. அடுத்த தடவை துணியில் ஏறிப் பூட்டிக்கொண்டது.

“கோணல்” என்றாள்.

“எவ்வளவு?”

“பார்த்தீங்கன்னா அவுத்துருவீங்க. பார்க்காதீங்க.”

நான் கண்ணாடிப் பக்கம் திரும்பவில்லை. அவள் எழுந்து, இத்தனை நாள் அடுக்காமல் தள்ளிப்போட்டிருந்த பயணப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்து, தன் உடுப்புகளை அடுக்கத் தொடங்கினாள்.