முறுமுறுக்காத பிள்ளை

முதலில் வலித்தது முழங்கால். நோய் இருந்ததோ இடுப்பில். பிள்ளை முழங்காலைப் பிடித்துக்கொண்டு நொண்டினால் இடுப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். நான் யாரிடமும் காட்டவே இல்லை. அந்தக் கூத்தைத்தான் சொல்ல வருகிறேன்.

ஐம்பதுகளில் எனக்குப் பதினோரு வயது. எப்போதும்வென்றானுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கிறிஸ்தவக் கோயிலை ஒட்டியே பள்ளிக்கூடம். எல்லா வகுப்புக்கும் ஞானதீபம் டீச்சர் ஒருவர்தான். அவரைப் போல நல்ல மனுஷி கிடையாது, இன்றைக்கும் சொல்வேன். சிரங்கு பிடித்த பிள்ளைகளைச் சாதி பார்க்காமல் தன் கையாலேயே குளிப்பாட்டுவார். தன் கஞ்சியில் பாதியைப் பசித்தவனுக்கு ஊற்றுவார்.

ஒரு நாள் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும்போது தரை வெடிப்பிலிருந்து வந்த தேள் அவர் காலில் கொட்டிவிட்டது. முகமெல்லாம் வேர்த்தது. முந்தானையைக் கிழித்துக் கட்டிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து பாடினார். "வலியைக் கர்த்தர்ட்ட மட்டும் சொல்லணும் பிள்ளைகளா. மனுசங்ககிட்ட முறுமுறுக்கிறது பாவம்" என்றார். அன்றைக்கு நாங்கள் எல்லோரும் டீச்சரைப் போலாகிவிட ஆசைப்பட்டோம். நான் ஆகியே தொலைத்தேன்.

பருத்தி எடுப்பில் வலி ஆரம்பித்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"ஏட்டி, ஏன் நொண்டுத?" என்றாள் அம்மா.

"முள்ளு குத்திட்டும்மா."

பொய்யும் பாவம்தான். ஆனால் முறுமுறுப்பைவிடச் சின்னப் பாவம் என்று நானே தீர்மானித்துக்கொண்டேன். ஒரு நாள் பருத்திக்காட்டிலேயே விழுந்துவிட்டேன். வண்டி கட்டிக் கோவில்பட்டிக்குக் கொண்டுபோனார்கள்.

"எப்போலேருந்து வலிக்குது?" என்றார் டாக்டர்.

"பருத்தி எடுப்புலேருந்து சார்."

"அடுத்த விதைப்பே வந்துட்டே! ஏன் சொல்லல?"

"பாவம்னு டீச்சர் சொன்னாவ."

அவர் என்னைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்தார். இடுப்பு மூட்டில் எலும்புருக்கி (நுரையீரலைப் பிடிக்கும் அதே காசநோய்க் கிருமி எலும்பை அரிப்பது). "அப்பவே வந்திருந்தா காலு தப்பிச்சிருக்கும்மா" என்றார்.

நெஞ்சுக்குக் கீழிருந்து பாதம் வரை மாவுக்கட்டு (எலும்பு அசையாமல் இருக்கப் போடுவது). தினமும் ஊசி. கட்டுக்குள் வேர்க்கும், அரிக்கும், நாறும். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. நர்சுகள் என்னைத் தங்கம் என்றார்கள். சீ, என்ன தங்கம்!

ஒரு சனிக்கிழமை டீச்சர் பிள்ளைகளை பஸ்ஸில் கூட்டிவந்து என் கட்டிலைச் சுற்றி நிறுத்தினார். "பாருங்க, ஒரு வார்த்தை முணங்கலை. இவதான் சாட்சி. இப்படித்தான் இருக்கணும்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

முன்வரிசையில் பக்கத்து வீட்டு ரூபி நின்றாள். ஏழு வயது. இரண்டு காதிலும் பஞ்சு, பஞ்சில் சீழ். பல்லைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். அது என்னுடையது.

"வலிக்குது டீச்சர்!" என்று கத்தினேன். "எனக்கு வலிக்குது! அவளுக்கும் வலிக்குது! ரூபி, உங்கம்மாட்ட சொல்லுட்டி!" வார்டே திரும்பிப் பார்த்தது. பிள்ளைகள் அழுதார்கள். அம்மா என் வாயிலேயே ஓர் அறை வைத்தாள். டீச்சர் பதறிப்போய், எனக்குள் சாத்தான் புகுந்துவிட்டான் என்று மண்டியிட்டு ஜெபம் செய்தார். அதன் பிறகு அவர் வரவில்லை.

கட்டைப் பிரித்தபோது எழுந்து நின்றேன். வலது பாதம் தரையைத் தேடியது, கிடைக்கவில்லை. நாளாக ஆக வித்தியாசம் கூடியது. இடது கால் என்னோடு வளர்ந்து பெரிய மனுஷியாகிவிட்டது. வலது கால் பதினோரு வயதிலேயே நின்றுவிட்டது. இப்போதும் ஒவ்வோர் எட்டிலும் ஒரு கிழவியும் ஒரு சிறுமியும் மாறி மாறி நடக்கிறார்கள். நோய் தீர்ந்தது என்பது இவ்வளவுதான்.

கட்டைப் பிரித்து ஊருக்குத் திரும்பிய பஸ்ஸில் அம்மா சொன்னாள்: "ரூபிக்கு ரெண்டு காதும் போச்சு. ஒரு நாள் முணங்கினாளா? டீச்சர் அவளைக் கோயில்ல எல்லாருக்கும் முன்னால நிறுத்தி மெச்சுனாவ. நீயும் இருக்கியே!"

இறங்கியதும் அவள் வீட்டுக்கு நொண்டிப் போனேன். வாசலில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பருத்தி பிரித்துக்கொண்டிருந்தாள். "ரூபி" என்றேன். "ஏட்டி ரூபி!" என்று தெருவே கேட்கக் கத்தினேன். அவள் பருத்தி பிரித்துக்கொண்டே இருந்தாள்.