ஒலிவாங்கியில் விழுந்த வாக்கியம்

மெற்றில்டா அக்கா இறந்துவிட்டார் என்று குருநகரிலிருந்து அவரது தம்பி தொலைபேசியில் சொன்னபோது, நான் ஆய்வுகூடத்தில் கிணற்றுநீர்ப் போத்தல்களுக்கு லேபல் ஒட்டிக்கொண்டிருந்தேன். மிச்சத்தையும் ஒட்டிவிட்டுத்தான் போனேன். அக்காவும் அதைத்தான் செய்திருப்பார்.

அக்கா உரைபெயர்ப்பாளர். கூட்டங்களில் சிங்களத்தில் பேசுவதை உடனுக்குடன் தமிழிலும், தமிழில் பேசுவதைச் சிங்களத்திலும் சொல்வார். சுற்றாடல் மாசு பற்றி விசாரிக்கப் பாராளுமன்றக் குழுவொன்று யாழ்ப்பாணம் வந்தபோது, பரிசோதனை முடிவுகளை நான் படபடவென்று வாசித்தேன். இடைவேளையில் வந்து சொன்னார்: "தம்பி, உம்மடை வேகத்துக்கு எனக்கு ரெண்டு வாய் வேணும். ஒண்டுதான் கிடக்கு."

புத்தூர்ப் பக்கத்திலிருந்து சனம் வந்திருந்தது. கிணறுகளில் எண்ணெய் நாற்றம். குழாய்நீர் வேண்டும் என்பது மட்டுமே அவர்களின் கோரிக்கை. கைக்குழந்தையோடு வந்த பெண் பேசி முடித்ததும், ஆவன செய்வதாகக் குழுத் தலைவர் சொன்னார். முகங்கள் மலர்ந்தன. அப்போது உறுப்பினர் ஒருவர், ஒலிவாங்கி வேலைசெய்வது தெரியாமல், பக்கத்திலிருந்தவரிடம் சிங்களத்தில் ஏதோ முணுமுணுத்தார். மொழிபெயர்ப்புக் கேட்க எங்களுக்குத் தந்திருந்த காதுக்கருவிகளில் அக்காவின் குரல், ஏற்ற இறக்கம் இல்லாமல் வந்தது: "இதுக்குக் காசு இல்லையெண்டு முடிவாச்சுத்தானே. கேட்டுப்போட்டுப் போவம், சாப்பாட்டுக்கு நேரமாகுது."

அந்தப் பெண் காதுக்கருவியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு எழுந்து போனாள். மற்றவர்களும் போனார்கள்.

வெளியே ஓர் அதிகாரி அக்காவை ஏசினார். "ஒலிவாங்கிக்குள்ளை விழுந்தது எல்லாம் என்ரை வேலை, ஐயா" என்றார் அக்கா. அதன்பிறகு அவரை எந்த விசாரணைக்கும் கூப்பிடவில்லை.

நானும் அக்காவோடு சண்டை பிடித்தேன். உண்மையைச் சொல்லி என்ன கிடைத்தது, தண்ணீர் வந்ததா என்று கேட்டேன். "வராது எண்டு தெரிஞ்சால் சனம் இண்டைக்கே வேறை கிணறு தேடும். வரும் எண்டு நம்பினால் உந்தத் தண்ணியையே குடிச்சுக்கொண்டிருக்கும்" என்றார்.

அண்மையில் இன்னொரு விசாரணை நடந்தது. புது உரைபெயர்ப்பாளர், மரியாதையான பிள்ளை. அதே வாக்குறுதி. இந்தமுறை சனம் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போனது. கிணறுகள் அப்படியே இருக்கின்றன.

முன்பெல்லாம் என் அறிக்கைகளை 'தகுந்த நடவடிக்கை பரிந்துரைக்கப்படுகிறது' என்று முடிப்பேன். இப்போது, 'குடிக்க வேண்டாம். தண்ணீர் கொண்டுவந்து தர யாரும் வரப்போவதில்லை' என்று எழுதுகிறேன். இரண்டாவது வாக்கியத்தை மேலதிகாரி ஒவ்வொருமுறையும் வெட்டிவிடுகிறார். அடுத்த அறிக்கையிலும் எழுதுகிறேன். அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவ்வளவுதான்.