மேசையில் ஓடிய கோச்சி

மாதிரி ரயில்கள் செய்வது பற்றிய எங்கள் சஞ்சிகையின் அட்டைப்படம் இன்று மத்தியானத்துக்குள் அச்சகத்துக்குப் போகவேண்டும். படம் எடுக்கும் நேரம் பார்த்து, அட்டைக்கென்று வைத்த சின்ன எஞ்சினின் வயர் விட்டுப்போனது. மூதூரிலிருந்து வரும் படப்பிடிப்பாளர் ரியாஸ் அதை ஈயத்தால் பற்றவைத்தார். அந்தப் புகை மூக்கில் ஏறியதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஜன்னலுக்குப் போனேன், திரும்பி வந்தேன்.

அப்பாவின் கைகளில் அந்த மணம் இருந்தது. சண்டையால் ரயில்கள் நின்றபோது, ஸ்டேசனில் வேலை பார்த்த அப்பா தகரப் பேணிகளையும் பழைய ரேடியோ வயர்களையும் கொண்டு சாப்பாட்டு மேசையில் ஒரு கோச்சி, ஒரு குட்டி ரயில், செய்தார். ஒருநாள் வீடு சோதிக்க ஆமிக்காரர் வந்தார்கள். வயர்களையும் பற்றரியையும் கண்ட ஒருவன், குண்டென்று நினைத்துத் துவக்கை அப்பாவின் நெஞ்சுக்கு நேரே நிமிர்த்தினான். ஏழு வயதுப் பிள்ளையான நான் போய்ச் சுவிச்சைப் போட்டேன். கோச்சி மேசையைச் சுற்றி ஓடியது. அவன் சிரித்துவிட்டுப் போனான்.

அவர்கள் வாசல் படலையைத் தாண்டியதும் அப்பா வயர்களைப் பிடுங்கத் தொடங்கினார்.

“ஏனப்பா? அவர் சிரிச்சவர்தானே.”

“அடுத்து வாறவன் சிரிப்பானெண்டு சொல்லேலாது, பிள்ளை.”

எல்லாவற்றையும் பின்வளவில் குழி தோண்டிப் புதைத்தார். பிறகு அவர் அப்படி எதையும் செய்யவில்லை.

“அக்கா, படம் சரி. பாருங்கோ,” என்றார் ரியாஸ்.

பார்த்தேன், நன்றாக வந்திருந்தது. கணினியில் மூன்றாம் பக்கத்தைத் திறந்து, அங்கிருந்ததை அழித்துவிட்டு, அப்பாவின் கோச்சியைப் பற்றி எழுதத் தொடங்கினேன்.

“இதுக்கு என்ன படம் போடுறது?”

“ஒண்டும் இல்லை, ரியாஸ். இந்தப் பக்கம் படமில்லாமல் போகட்டும்.”